காதல் தொடங்கிய வருடமும் கேம்பஸ் இன்டர்வியூவும்

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொள்ளும் ஊர் திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். விடுமுறை நாள் பிற்பகல்களில் அந்த மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் கல்லூரி இளைஞர்களில் கிறிஸ்தவ மாணவர்களும் உண்டு. தாம்பரம், படூர், கேளம்பாக்கம் பக்கம் படிப்பவர்கள். பாடகர் குழுவிலோ, எஸ்.சி.எம். கூட்டத்திலோ, டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸிலோ பழகத் தொடங்கியவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. காதலிக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேலை விஷயத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் இரண்டும் ஒரே வருடத்தில் வந்து சேர்கின்றன. மூன்றாம் வருடக் கடைசியில் ஒருவரை ஒருவர் பிடித்துப்போகிறது. அடுத்த சில மாதங்களில் நிறுவனங்கள் கல்லூரிக்குள் வருகின்றன. காதலைப் பற்றி நண்பர்கள் ஆலோசனை சொல்கிறார்கள், வேலையைப் பற்றிப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். ஒன்று மற்றொன்றை எப்படி இழுக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. "அவனுக்கு சென்னையில் கிடைத்திருக்கிறது, அதனால் பெங்களூரு ஆஃபரை விட்டுவிட்டேன்" என்று சொல்லும் பெண்களையும், "அவள் எம்.எஸ்ஸி. சேர்கிறாள், நானும் சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லும் பையன்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: காதலின் முதல் வருடத்தில் இன்னொருவருக்காக வேலை முடிவு எதையும் எடுக்காதீர்கள். தனித்தனியாகத் தங்கள் காலில் நிற்கிற இருவருக்குத்தான் பின்னால் சேர்ந்து நிற்க இடம் கிடைக்கும்.

"கர்த்தர் காட்டினார்" என்று சொல்வதற்கு முன்

கிறிஸ்தவ மாணவர்களின் காதலில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஜெபக் குழுவில் பழகிய பையன் ஒரு நாள் வந்து, "ஜெபிக்கும்போது கர்த்தர் உன்னைத்தான் காட்டினார்" என்கிறான். மனதில் இருப்பதை மனப்பூர்வமாகத்தான் சொல்கிறான். ஆனால் கேட்கிற பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது" என்று அவன் சொல்லியிருந்தால், "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று அவள் சொல்லிவிடலாம். கடவுளின் பெயரைச் சேர்த்துச் சொன்னதும், மறுத்தால் அவனை மட்டுமா மறுக்கிறோம், ஆண்டவர் சித்தத்தையே மறுக்கிறோமா என்ற பயம் அவளுக்குள் வந்துவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில், விசுவாசத்தோடு வளர்ந்த பெண்ணுக்கு அது சின்ன பயமாக இருக்காது. பெண் சொல்லி ஆண் கேட்கும் இடத்திலும் நிலைமை இதேதான்.

அதனால் ஆசையை உங்கள் ஆசையாகவே சொல்லுங்கள். உங்கள் ஜெபத்தில் உங்களுக்குத் தோன்றியது உங்களுக்கானது. அவருக்கும் அப்படித் தோன்றினால் அவரே சொல்வார். பதிலுக்கு ஒரு வாரமோ ஒரு மாதமோ காத்திருங்கள். இல்லை என்று வந்தால் ஜெபக் குழுவில் அவர் தொடர்ந்து சங்கடமில்லாமல் வரும்படி நடந்துகொள்ளுங்கள். "மறுபடியும் ஜெபித்துப் பார்" என்று திரும்பத் திரும்பச் செய்தி அனுப்புவது தொந்தரவு. வாலிபர் கூட்டத் தலைவராக, பாடகர் குழுவை நடத்துகிறவராக, "அண்ணா" என்று எல்லோரும் கூப்பிடும் சீனியராக நீங்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்கள் கையில் இருக்கும் பொறுப்பே எதிரில் இருப்பவரின் வாயை அடைக்கும்.

தொழில் வழிகாட்டியில் இது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு வருடத்தில் நீங்கள் ஓர் அலுவலகத்தில் இருப்பீர்கள், அங்கும் விதி இதுதான். 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் அவகாசம் தரும். கல்லூரிகளுக்கும் 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் அதற்கு விலக்கு கிடையாது. கண்ணியமாகக் கேட்பதையும் கண்ணியமாக மறுப்பை ஏற்பதையும் கல்லூரியிலேயே பழகிக்கொண்டவர் அலுவலகத்தில் தடுமாற மாட்டார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வாழ்க்கையையே கவிழ்க்கக்கூடியது. முதல் வருடம் சேரும் மாணவிகளில் சிலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். பதினெட்டு வயது நிரம்பாதவர் சம்மதித்தார் என்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஏற்காது. வழக்கு ஒன்று பதிவானால், வேலையில் சேரும்போது நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். பிறந்த தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடற்கரைக்குப் போவதானால் வெளிச்சம் இருக்கும்போதே, ஆள் நடமாட்டம் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். யாராவது காவல்துறை என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டாலோ கைபேசியைக் கேட்டாலோ, அங்கேயே 112க்குக் கூப்பிடுங்கள். கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கொல்லிமலையில் பிறந்த ஒருவரின் கதை

இருவரும் தனித்தனி வேலையோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் இணையரைச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிகளான ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்டின் மகன். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மருத்துவம் படிக்கும்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடன் படித்த மார்கரெட் பெர்ரியைச் சந்தித்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் திருமணம்.

1946 இறுதியில் பால் மட்டும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மார்கரெட் குழந்தைகளோடு அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் பால் நிமிர்த்திக் காட்டினார். உலகம் அவரைக் கொண்டாடியது. நான் இளையவர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புவது மார்கரெட்டின் பகுதியை. அவர் இங்கே "டாக்டர் பிராண்டின் மனைவி" என்ற பெயரோடு நின்றுவிடவில்லை. கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி இல்லாத நிலையில் அவருக்குக் கண் பிரிவில் வேலை வந்தது. வேலை செய்துகொண்டே கற்றார். தொழுநோய் கண்ணை எப்படிப் பாதிக்கிறது, பார்வை போகாமல் எப்படித் தடுப்பது என்பதில் உலகம் கேட்கும் நிபுணர் ஆனார். ஆறு பிள்ளைகளையும் வளர்த்தார். 1966இல் குடும்பம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, கணவர் கையையும் பாதத்தையும் பார்த்தார், மனைவி கண்ணைப் பார்த்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சேர்ந்தே போக வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் பிரிந்திருந்தார்கள், அந்தப் பிரிவை உறவுக்கு வந்த கேடாக எண்ணவில்லை. இரண்டாவது, இடம் மாறிப் போனவர் வெறுங்கையோடு போகவில்லை. மார்கரெட்டிடம் முடித்த மருத்துவப் பட்டம் இருந்தது. அந்தப் பட்டம் கையில் இருந்ததால்தான் புது ஊரில் புது வேலை அவரைத் தேடி வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கணவர் பின்னால் வந்திருந்தால், கண் மருத்துவம் அவருக்கு வாய்த்திருக்காது.

ஆஃபர் லெட்டர் வரும் மாதம்

இன்றைய நிலைமைக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரி சிப்காட்டிலும் நாவலூரிலும் நூற்றுக்கணக்கில் நிறுவனங்கள் இருப்பதால், "இரண்டு பேருக்கும் ஓ.எம்.ஆரிலேயே வேலை கிடைத்துவிடும், திருவிடந்தை, கோவளம் பக்கமே வீடு எடுக்கலாம்" என்று கணக்குப் போடும் இணையர்கள் அநேகம். மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று நிறுவனம்தான் முடிவு செய்யும். இன்ஃபோசிஸில் தேர்வானால் பயிற்சிக்கு மைசூரு போக நேரிடும். பயிற்சி முடிந்ததும் புனேவோ ஹைதராபாத்தோ வரலாம். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விருப்ப ஊர்கள் மூன்றைக் கேட்கும் படிவத்தை அவரவர் தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். எழுதி முடித்த பிறகு ஒருவருக்கு ஒருவர் காட்டுங்கள். முன்பே காட்டினால் யாராவது ஒருவர் மாற்றி எழுதுவார், அநேகமாகப் பெண்தான்.

அரியர் வைத்துக்கொண்டு காதலிக்காதீர்கள் என்று சொல்லும்போது எனக்குப் பெரியவர்களின் குரல் வந்துவிடுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நிலுவையில் ஒரு தாள் இருந்தாலும் பல நிறுவனங்கள் தேர்வில் உட்கார விடாது. மாலை ஆறு மணி முதல் பதினொரு மணிவரை கைபேசியில் கழிகிறது என்றால் அது எந்தத் தாளின் நேரம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றாக உட்கார்ந்து திறனறித் தேர்வுக் கணக்குகளைப் போடலாம். ஒருவர் நேர்காணல் எடுப்பவராகவும் இன்னொருவர் பதில் சொல்பவராகவும் இருந்து பழகலாம். உங்கள் தயக்கத்தை நன்றாக அறிந்தவரைவிட நல்ல பயிற்சியாளர் கிடைக்க மாட்டார்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் மாணவர்கள் பலர். அது படிப்புக்கான பணம். தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்கு ஒரு நல்ல சட்டை, பாஸ்போர்ட் விண்ணப்பம், இவற்றுக்குப் போகட்டும். பைக் பெட்ரோலுக்கும் பிறந்தநாள் பரிசுக்கும் போக வேண்டாம்.

மருத்துவம், செவிலியர் படிப்பில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் சிபாரிசில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் சிபாரிசு செய்த அமைப்பின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணி செய்ய வேண்டும். எம்.பி.பி.எஸ். என்றால் இரண்டு வருடம். காதலிக்கும் இருவரையும் வெவ்வேறு திருச்சபைகள் அனுப்பியிருந்தால், ஒருவர் ஒட்டன்சத்திரம் பக்கமும் இன்னொருவர் ஜார்க்கண்டிலும் இருக்க நேரலாம். அந்த இரண்டு வருடத்தை ஏமாற்றி நழுவப் பார்க்காதீர்கள். ஒப்புக்கொண்ட பணி அது, ஏழை நோயாளிகளுக்கானது. அதை முடித்த பிறகு உயர்படிப்பையும் திருமணத்தையும் எந்த வரிசையில் வைப்பது என்று பேசுங்கள். செவிலியர் மாணவிகள் அசல் சான்றிதழ்களை யாரிடமும் அடகு போல ஒப்படைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் அதைக் காதலரிடம் இப்போதே சொல்லுங்கள். விசா வந்த பிறகு சொல்வது துரோகம் போலத் தெரியும்.

ஒரே அலுவலகம் என்றால்

இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் ஒரே அணி வேண்டாம். ஒருவர் சோர்ந்திருக்கும் நாளில் இன்னொருவரும் அதே டீம் லீடிடம் திட்டு வாங்குகிற நிலை நல்லதில்லை. நிறுவனத்தின் நடத்தை விதிகளை முதல் வாரத்திலேயே படியுங்கள். பல நிறுவனங்களில் கணவன் மனைவியோ நெருங்கிய உறவில் இருப்பவர்களோ ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை செய்யக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால் ஹெச்.ஆரிடம் தாங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்துப் பின்னால் தெரியவந்தால், உறவைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், மறைத்ததைப் பற்றிக் கேட்பார்கள். சம்பள விவரம், மதிப்பீட்டு மதிப்பெண், வாடிக்கையாளர் தகவல், இவை எதையும் காதலருக்குத் திறந்து காட்டாதீர்கள். கைபேசிக் கடவுச்சொல்லைக் கொடுப்பதுதான் நம்பிக்கை என்று நினைத்தால், அதில் அலுவலக மின்னஞ்சலும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பிரிந்துவிட்டால்? முதல் வருடக் காதல் எல்லாம் திருமணத்தில் முடிவதில்லை, முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிந்த பிறகும் அதே உணவுக்கூடத்தில் சாப்பிட வேண்டும், அதே ஆலயத்தில் பாட வேண்டும். அப்படி முடியுமா என்று யோசித்த பிறகே ஒரே இடத்தில் சேருங்கள். சொந்த ஊரிலிருந்து வந்து தனியாக வேலை பார்க்கும் பெண்கள் தங்க, தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. காதலரின் நண்பர் வீட்டு மாடி, தெரிந்தவர் அறை என்று போகாமல், உங்கள் பெயரில் ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அரசு வேலை கனவு உள்ளவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன்னால் வந்திருந்தாலும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்வி உதவித்தொகையில் மாநில அரசு அவர்களுக்கும் கை கொடுக்கிறது. வேலை இடஒதுக்கீட்டில் அவர்கள் பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுவதில்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. சேரி வீட்டில் பிறந்த பிள்ளை ஆலயத்துக்குப் போனதும் தீண்டாமை அவனை விட்டுப் போய்விடவில்லை. கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே முடிவு எடுக்க வேண்டும்.

காதலில் இது எங்கே வருகிறது? ஒருவர் கிறிஸ்தவர், இன்னொருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து என்று வைத்துக்கொள்வோம். கிறிஸ்தவரை மணப்பதால் மட்டும் அவருடைய சாதிச் சான்றிதழ் போய்விடாது. ஆலயத்தில் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் போய்விடும். 2024 நவம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தெளிவாகவே சொன்னது: ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவ முறைப்படி வழிபட்டு வருகிற ஒருவர், வேலைக்காக மட்டும் இந்து என்று கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது. அவர் கேட்டது அரசு எழுத்தர் வேலைக்காக.

விசுவாசத்தால் ஞானஸ்நானம் பெறுகிறவர் விலை தெரிந்தே பெறட்டும். அது அவருடைய உரிமை, யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. கல்யாணத்துக்காக, மாமியார் கேட்டார் என்பதற்காக, ஒரு சடங்கு என்று நினைத்துப் பெறாதீர்கள். காதலிக்கிற கிறிஸ்தவரும் அப்படிக் கேட்காதீர்கள். கட்டாயமும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும். கத்தோலிக்கத் திருச்சபையில், மறைமாவட்ட ஆயரின் அனுமதி பெற்றுத் திருமுழுக்குப் பெறாத ஒருவரை ஆலயத்திலேயே மணக்க வழி இருக்கிறது. கோவளம் பக்கம் இருப்பவர்கள் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் வருவார்கள், பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டால் வழிமுறையைச் சொல்வார். மற்ற சபைகளில் விதி ஒரே மாதிரி இல்லை, அந்தந்த ஆயரிடமே கேட்க வேண்டும். எந்த ஆலயமும் வேண்டாம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும், பதிவின்போது சாட்சிகள் மூவர் வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்வது எப்போது

வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்பதுதான் வழக்கமான பதில். சம்பளம் வந்ததும் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. சாதி குறுக்கே நிற்கும் இடத்தில் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்காதீர்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட 27 வயது இளைஞர் சென்னையில் நல்ல வேலையில் இருந்த மென்பொருள் பொறியாளர். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள்ளும் "நம்ம ஆட்களா?" என்ற கேள்வி ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வருகிறது. ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம், ஆனால் பெண் கொடுப்பதில்லை என்று இருக்கும் குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். அச்சுறுத்தல் வந்தால் சமாதானம் பேசப் போகாமல் காவல்துறையில் எழுத்தில் கொடுங்கள். சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், இப்படி அஞ்சும் இணையருக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

அச்சுறுத்தல் இல்லாத வீடு என்றால், அம்மாவிடமோ அக்காவிடமோ முதலில் சொல்லுங்கள். ஓலை வாசிக்கும் நாளில் ஆலயத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் அதிர்ச்சியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். சொல்லும்போது, "நாங்கள் கல்யாணம் செய்யப் போகிறோம்" என்று தொடங்காமல், "படிப்பை இப்படி முடிக்கிறோம், வேலைக்கு இப்படிப் போகிறோம், அதன் பிறகு யோசிக்கிறோம்" என்று சொல்லுங்கள். திட்டத்தோடு வரும் பிள்ளையோடு பெற்றோர் பேசுவார்கள்.

உடம்பும் வேலையும்

பெண்களுக்குச் சொல்ல இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. 1862இல் அகமதுநகரில் பிறந்த கிருபாபாய், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கி மூன்று வருடந்தான் ஆகியிருந்தது. போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதன் வீட்டில் தங்கிப் படித்தார். முதல் வருடத்திலேயே நன்றாகப் படிப்பவர் என்று பெயர் வாங்கினார், அந்த வருடம் முடிவதற்குள் உடல்நிலை குலைந்தது. படிப்பை விட வேண்டியதாயிற்று. போதகரின் மகன் சாமுவேல் சத்தியநாதனோடு ஏற்பட்ட நட்பு காதலாகித் திருமணத்தில் முடிந்தது. சாமுவேலுக்கு உதகையில் பிரீக்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் வேலை.

மருத்துவம் கைவிட்டுப் போனது, கணவரின் வேலைக்காக ஊரும் மாறியது. கிருபாபாய் அங்கே முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். அவருடைய 'சகுணா' நாவல் 1887, 88இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசினில் தொடராக வந்தது. 1894இல் இறந்தபோது அவருக்கு 32 வயது. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவராக இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறார். நினைத்த வேலை கிடைக்காமல் போனால், ஊர் மாற வேண்டி வந்தால், சொந்தமாக ஒரு வேலையை வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு இந்தக் கடற்கரைக்கு அருகிலேயே கிடைக்கும் முன்னோடி அவர். கிருபாபாயின் நோயையும் மறக்காதீர்கள். படிப்பு, வேலை, காதல், சபைப் பணி என்று எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித் தூங்காமல் கிடப்பது பக்தி ஆகாது. பாடகர் குழுவிலிருந்து ஒரு பருவம் விலகி இருக்கலாம், ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

கடைசியாக ஆயர்களுக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளையோருக்குக் காதலைப் பற்றி எச்சரிக்கைப் பிரசங்கம் நிறையக் கேட்கக் கிடைக்கிறது. வேலையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் கேட்கக் கிடைப்பதில்லை. வருடத்தில் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். ஒரு வழக்கறிஞரையும், ஹெச்.ஆரில் வேலை பார்க்கும் சபை உறுப்பினர் ஒருவரையும், இருவரும் வேலைக்குப் போகும் ஒரு தம்பதியையும் அழைத்து உட்கார வையுங்கள். இரண்டு மாணவர்கள் சேர்ந்து வந்து உங்கள் கதவைத் தட்டினால், அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்வதற்கு முன் அவர்கள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். அந்த மாலைக் கூட்டத்தை ஜூலைக்குள் நடத்திவிடுங்கள். ஆகஸ்டில் பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ சூடுபிடித்துவிடும்.